தன்னலம் என்ன செய்யும், என்ன செய்யாது: பர்மா நெல்லை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஐராவதி டெல்டாவை நெல்வயலாக்கச் சொல்லி யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. 1852-இல் பிரிட்டிஷார் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது அந்த டெல்டா பெரும்பாலும் சதுப்பு, அலையாத்திக் காடு, ஆள் உயரப் புல். அடுத்த எண்பது ஆண்டுகளில் கீழ்ப் பர்மாவின் நெல் பரப்பு பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்ததிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கோடி ஏக்கரை எட்டியது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக பர்மா மாறியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் அரிசி ரங்கூன், பாஸின், மோல்மேன், அக்யாப் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் வேலை செய்த நம்மவர்கள் உலையில் போட்ட அரிசியில் பெரும்பங்கு இங்கிருந்து போனதுதான்.

இதைச் செய்தவர்கள் யார்? மேல் பர்மாவின் வறண்ட பகுதியிலிருந்து குடும்பத்தோடு தெற்கே இறங்கி வந்த பர்மிய விவசாயிகள். பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தை வைத்திருந்து வரி கட்டினால் நிலம் உங்களுக்கு என்று சட்டம் சொன்னது. அதற்காகக் காய்ச்சலையும் பாம்பையும் பொறுத்துக்கொண்டு காட்டை வெட்டினார்கள். எருமை வாங்கவும் அறுவடை வரை வயிற்றைக் கழுவவும் அவர்களுக்குப் பணம் வேண்டும். வட்டி கிடைக்கும் என்பதால் செட்டியார்கள் பணம் கொடுத்தார்கள். அறுவடைக்கு ஆள் வேண்டும். கூலி கிடைக்கும் என்பதால் தமிழ் நாட்டிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் ஆட்கள் கப்பல் ஏறி வந்தார்கள். கட்டணம் கிடைக்கும் என்பதால் கப்பல் ஓடியது, லாபம் கிடைக்கும் என்பதால் ரங்கூன் ஆலைகள் நெல்லை அரைத்தன. இத்தனை பேரில் ஒருவர்கூட, இலங்கையில் இருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளியின் பசியைத் தீர்க்க வேண்டும் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை. ஆனாலும் அவருக்குச் சோறு போய்ச் சேர்ந்தது.

தனிமனிதரின் தன்னலம் சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அன்றைய ரங்கூனான யாங்கோனில் வளரும் நம் பிள்ளைகள் பொருளாதாரம் படிக்கும்போது இதை எங்கோ ஐரோப்பாவில் நடந்த விவாதமாகப் படிக்கிறார்கள். நம் தாத்தா, பாட்டன் வாழ்ந்த மண்ணிலேயே அதன் நல்லதும் கெட்டதும் முழுசாக நடந்து முடிந்திருக்கின்றன. அதனால் இங்கிருந்தே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், தன்னலம் என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். தனக்கு எது நல்லது என்று ஒருவர் நினைக்கிறாரோ அதை நாடி நடப்பதுதான் தன்னலம். பேராசை வேறு. பசிக்குச் சாப்பிடுவதும், பிள்ளையின் படிப்புக்குச் சேர்ப்பதும், கூலி அதிகம் தரும் இடத்துக்கு வேலை மாறுவதும் தன்னலம்தான். அதில் யாருக்கும் தீங்கு இல்லை. எடையைக் குறைத்து விற்பதும் தன்னலத்திலிருந்து வருவதுதான், ஆனால் அங்கே இன்னொருவரின் பங்கு திருடப்படுகிறது. இரண்டையும் ஒரே பேரில் போட்டுக் குழப்பினால் இந்த விஷயம் எப்போதும் புரியாது. இன்னொன்று: இந்தத் 'தன்' என்பதில் பெரும்பாலும் ஒற்றை ஆள் மட்டும் இருப்பதில்லை. மனைவி, பிள்ளை, தம்பி, ஊர், சாதி என்று அது விரியும். கூலிக்கு ரங்கூன் வந்தவர் சம்பாதித்ததில் முக்கால்வாசியை ஊருக்கு அனுப்பியிருந்தால், அவர் யாருடைய நலனுக்காக உழைத்தார்? அந்த வட்டம் எதுவரை போகிறது என்பதில்தான் பிற்பாடு பெரிய சிக்கலே வந்தது. அதற்கு வருவோம்.

இந்த விஷயத்தில் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் ஆடம் ஸ்மித். ஸ்காட்லாந்துக்காரர். 1776-இல் அவர் எழுதிய ஒரு கருத்து இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது: இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டி சுடுபவரும் நம்மேல் உள்ள அன்பால் நமக்குச் சாப்பாடு தருவதில்லை, அவர்களுடைய சொந்த லாபத்துக்காகத்தான் தருகிறார்கள். அதனால் நாம் அவர்களிடம் போய் நம் கஷ்டத்தைச் சொல்லுவதில்லை, அவர்களுக்குக் கிடைக்கப்போவதைப் பற்றிப் பேசுகிறோம். ஒவ்வொருவரும் தன் லாபத்தைத் தேடும்போது, தான் நினைக்காத ஒரு பொதுநன்மைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்றார்.

இதை வைத்துக்கொண்டு 'ஆளாளுக்குத் தன் பையை நிரப்பினால் போதும், உலகம் தானாகச் செழிக்கும்' என்று ஸ்மித் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியராக இருந்தவர். 1759-இல் அவர் முதலில் எழுதியது பிறர் துன்பத்தை நாம் எப்படி உணர்கிறோம் என்பதைப் பற்றி. ஒரே தொழில் செய்யும் வியாபாரிகள் ஒன்றுகூடினால் பேச்சு கடைசியில் விலையை ஏற்றும் சதியில் போய் முடியும் என்று எச்சரித்தவரும் அவரே. தன்னலம் நல்ல வேலை செய்ய வேண்டுமானால் போட்டி இருக்க வேண்டும், ஏமாற்றினால் தண்டிக்கும் சட்டம் இருக்க வேண்டும், அப்புறம் மனுஷனுக்குள்ளே ஒரு மனசாட்சியும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அவர் சொன்ன கணக்கு சரியாக வரும்.

போட்டி என்ன செய்யும் என்பதற்கு டெல்டாவே சாட்சி. ஒரு சிற்றூரில் கடன் கொடுப்பவர் ஒருவர் மட்டும் இருந்தால் அவர் வைத்ததுதான் வட்டி. பக்கத்திலேயே இன்னொரு வட்டிக்கடை திறந்தால் இருவருமே கொஞ்சம் இறங்கி வர வேண்டும். செட்டியார்களின் வட்டி உள்ளூரில் தனியாகக் கடன் கொடுத்தவர்களின் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவாக இருந்தது. 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. கடன் வாங்கும் விவசாயிமேல் இரக்கப்பட்டு யாரும் வட்டியைக் குறைக்கவில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்றுதான் குறைத்தார்கள்.

கடலுக்கு அப்பால் ஒரு பெட்டியடி

பெட்டியடி என்றால் செட்டியாரின் வட்டிக்கடை. அந்தச் செட்டியார் தொழில்முறையை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தன்னலத்தை அடக்காமல், அதைக் கட்டுக்குள் வைத்து வேலை வாங்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் சமூகத்தில் எனக்குத் தெரியவில்லை.

முதலாளி செட்டிநாட்டில் இருக்கிறார். பணம் டெல்டா ஊர்களான ஹென்ஸாடாவிலோ பியாப்பொனிலோ இருக்கிறது. நடுவில் வங்கக்கடல். பணத்தைக் கையாளும் மேலாளுக்கு முதலாளியின் லாபத்தைவிடத் தன் லாபம்தான் நெருக்கமாக இருக்கும், அது மனித இயல்பு. தெரிந்தவருக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கலாம், கணக்கில் கொஞ்சம் மறைக்கலாம், சோம்பேறியாக உட்கார்ந்திருக்கலாம். கடல் தாண்டி யார் பார்ப்பார்? ஒருவர் இன்னொருவருக்காக வேலை செய்யும் இடத்திலெல்லாம் இந்தப் பிரச்சினை உண்டு. பொருளாதாரக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் இதற்குப் பெயர் வைத்துக் கோட்பாடு எழுதினார்கள். நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார்கள், அதற்கு முன்பே வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

மேலாளின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள், அது ஊரில் குடும்பத்துக்குப் போகும். தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகு லாபத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அதாவது, முதலாளிக்கு நல்லது நடந்தால்தான் மேலாளுக்கும் நல்லது நடக்கும். கணக்கு ஒழுங்காக எழுதி ஊருக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு இடத்தில் கை நீட்டிவிட்டால் வேறு எந்தக் கடையிலும் வேலை கிடைக்காது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் இருக்காது. சின்ன வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்ற கனவோடு இருப்பவர் அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளத் துணிவாரா? அவருடைய சொந்த ஆசையே அவரை நேர்மையாக இருக்க வைத்தது.

அதே நகரத்தார் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை, தமிழ் மாதத்துக்கு ஒரு முறை ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கோயிலில் மாலையில் கூடி நிர்ணயித்தார்கள். இன்றைக்கு அது ஷ்வே பொந்தா தெரு. வியாபாரத்தில் ஒரு பகுதி மகமையாகக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் போனது. லாபம் தேடும் ஒருவர் அந்த லாபத்தைத் தேடுவதற்கே தன் கூட்டத்தின் நம்பிக்கை வேண்டும் என்று உணர்ந்திருந்தால் எப்படி நடப்பார் என்பதை இதில் பார்க்கலாம். பிறர் பொருளையும் தன் பொருளைப்போலப் பேணிச் செய்வதுதான் வாணிகம் என்று வள்ளுவர் சொன்னது அறிவுரை மட்டுமில்லை, பலிக்கும் தொழில்முறையும்கூட.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் இதுவரை சொன்ன கட்டுகளெல்லாம் நகரத்தாருக்கும் நகரத்தாருக்கும் இடையே. கடன் வாங்கிய பர்மிய விவசாயி அந்தக் கோயில் கூட்டத்தில் இல்லை, அந்தக் கல்யாணப் பந்தலில் இல்லை. அவருக்கும் கடைக்கும் இடையே இருந்தது ஒரு அடமானப் பத்திரம் மட்டும்.

எல்லாரும் சரியாகச் செய்தும் எல்லாரும் தோற்றது

1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பழைய விலையில் பாதிக்கும் கீழே போனது. நூறு கூடை விற்றால் அடையும் கடனை இருநூறு கூடை விற்றும் அடைக்க முடியவில்லை. வட்டி நின்றது, பிறகு அசலும் நின்றது.

இப்போது ஒரு மேலாளின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் கொடுத்த பணத்தில் பல பேருடைய வைப்புப் பணம் இருக்கிறது, அதை அவர் திருப்பித் தர வேண்டும். கையில் இருப்பது நிலப் பத்திரம். அந்த நிலத்தை எடுத்துக்கொள்வதுதான் அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. அவர் எடுக்கிறார். பக்கத்துக் கடைக்காரரும் எடுக்கிறார். அந்த வட்டாரம் முழுக்க எடுக்கிறார்கள். நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம். எட்டே ஆண்டில் நாலில் ஒரு பங்கு!

அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. பணம் புரண்டுகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தொழில், வயல் புரளாது. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க நினைத்தபோது வாங்க ஆளில்லை, நில மதிப்பும் சரிந்தது. ஒவ்வொருவரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த நடவடிக்கை எல்லாருடைய சொத்தையும் முடக்கியது. விவசாயி பக்கம் பாருங்கள்: தாத்தா காடு வெட்டிய நிலத்தில் பேரன் குத்தகைக்காரன். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவன் வரப்பைச் செப்பனிடுவானா, எரு போடுவானா? அவனுடைய தன்னலமும் இப்போது நிலத்தைக் கவனிக்க வேண்டாம் என்றுதான் சொன்னது.

ஒவ்வொருவரும் தனித்தனியே புத்திசாலித்தனமாக நடந்து, சேர்ந்து எல்லாரும் நஷ்டப்படும் இந்த நிலைக்குக் கணிதத்தில் ஒரு கதை சொல்வார்கள். இரண்டு கைதிகளைத் தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கிறார்கள். இருவரும் வாயைத் திறக்காமல் இருந்தால் இருவருக்கும் சின்னத் தண்டனை. ஒருவன் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு விடுதலை, மற்றவனுக்குப் பெரிய தண்டனை. மற்றவன் என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பதுதான் தனக்கு லாபம் என்று இருவருமே கணக்குப் போடுகிறார்கள். இருவரும் காட்டிக்கொடுத்து இருவரும் நடுத்தரமான தண்டனையில் மாட்டுகிறார்கள். 1950-இல் அமெரிக்காவில் உருவான இந்தப் புதிர், கண்ணுக்குத் தெரியாத கை எல்லா இடத்திலும் வேலை செய்யாது என்பதைக் காட்டுகிறது. நம்பிக்கை இல்லாத இடத்தில் அவரவர் நலன் பொதுநலனாக மாறாது.

அதே 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததையும் சொல்லாமல் போக முடியாது. சரக்கு இறக்கும் இந்தியத் தொழிலாளிகள், பெரும்பாலும் தெலுங்கர்கள், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை வேலைக்கு எடுத்தார்கள். பேச்சு முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர்களைப் போகச் சொன்னார்கள். வேலை கொடுத்தவருக்கு இரண்டுமே லாபக் கணக்கு. ஆனால் பர்மியருக்கும் இந்தியருக்கும் இடையே கலவரம் மூண்டு, தெருவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கலகம் வெடித்தது. வரிச்சுமையும் நெல் விலை வீழ்ச்சியும் அதற்குப் பின்னால் இருந்தன.

சந்தையில் மட்டும் சந்தித்தவர்கள்

இதையெல்லாம் கிட்டத்திலிருந்து பார்த்தவர் ஜே. எஸ். பர்னிவால் என்ற ஆங்கிலேயர். 1902-இல் அதிகாரியாகப் பர்மாவுக்கு வந்து, வேலையை விட்ட பிறகும் பல ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு பிரதமர் ஊ நு அரசுக்கு ஆலோசகராகவும் இருந்தார். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள் சுமார் நாலு லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பர்மியர், இந்தியர், சீனர், ஐரோப்பியர் எல்லாரும் ஒரே தெருவில் நடந்தார்கள். ஆனாலும் இவர்கள் கலந்து நிற்கிறார்களே தவிர ஒன்றாகச் சேரவில்லை என்றார் பர்னிவால். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் மதம், தன் மொழி, தன் வழக்கம். சந்தையில் வாங்கவும் விற்கவும் மட்டும் சந்திக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது லாபம் ஒன்றுதான், அதற்குக் கடிவாளம் போடப் பொதுவான ஊர்ப்பேச்சோ, ஊர் வெட்கமோ இல்லை என்பது அவர் வாதம்.

எனக்கு இதுதான் முழு விஷயத்தின் மையம். ஒரே ஊரில் ஒருவர் அநியாய விலை வைத்தால் ஊர் பேசும், கோயிலில் முகம் கொடுக்க முடியாது. அந்தப் பேச்சு எட்டாத இடத்தில் இருப்பவரிடம் நடந்துகொள்ளும்போது அந்தத் தடை கிடையாது. செட்டியாருக்குள் இருந்த அத்தனை நேர்த்தியான நம்பிக்கைக் கட்டுகளும் பர்மிய விவசாயியிடம் வந்தபோது முடிந்துவிட்டன. காலனி அரசும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. நெல் போனால் போதும், வரி வந்தால் போதும் என்றிருந்தது. பழியைத் தனி ஆட்கள்மேல் போடுவது சுலபம். பர்மியப் பத்திரிகைகள் செட்டியாரைக் கேலிச்சித்திரமாக வரைந்தன, நம் ஆட்கள் பர்மியரைச் சோம்பேறி என்றார்கள். இரண்டும் பொய். அவரவர் நலனைத் தவிர வேறு எதுவும் மக்களை இணைக்காத ஒரு ஏற்பாட்டை உண்டாக்கியதுதான் தவறு.

1942-இல் ஜப்பான் படை வந்தபோது சுமார் 5 லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள், பலர் கால்நடையாக அஸ்ஸாம் மலைகள் வழியே. வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது.

சரி, தன்னலம் இவ்வளவு கெடுதல் செய்தால் அதை ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் என்ன? அதையும் இந்த நாடு செய்து பார்த்தது. 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-இல் வங்கிகள், 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த நம் குடும்பங்கள் ஒரு பெட்டியோடு கப்பலேறின; சென்னையில் பர்மா பஜாரை உருவாக்கியவர்கள் அவர்கள்தான். மிச்சம் இருந்தவர்கள் வரிசையில் நின்று அரசின் 'மக்கள் கடை'யில் அரிசி வாங்கினார்கள்.

நெல்லை அரசு மட்டும்தான் வாங்கும், அரசு வைத்ததுதான் விலை. அந்த விலைக்கு அதிகம் விளைவித்து என்ன ஆகப் போகிறது? விவசாயி தன் வீட்டுக்கு வேண்டியதையும் அரசுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியதையும் மட்டும் விளைவித்தார். உலகத்துக்கே சோறு போட்ட நாட்டில் 1967-இல் அரிசித் தட்டுப்பாடு வந்தது. ஏற்றுமதி போருக்கு முந்திய அளவில் ஒரு சின்னப் பங்காகச் சுருங்கியது. ஆனால் தன்னலம் ஒழிந்ததா? இல்லை, இருட்டுக்குள் போனது. கள்ளச்சந்தைதான் நாட்டின் உண்மையான சந்தை ஆனது. சோப்பு, மருந்து, துணி எல்லாம் தாய்லாந்து எல்லையைத் தாண்டி வந்தன. அதைப் பிடிக்க வேண்டிய அதிகாரிக்கும் ஒரு வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு, அதனால் லஞ்சம் வளர்ந்தது. 1987 செப்டம்பரில் நெல் வியாபாரத்தைத் திறந்துவிட்ட அரசே, சில நாளில் மறுபடியும் பெரிய நோட்டுகளைச் செல்லாது என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

எல்லாமே தன்னலம்தானா?

இந்தப் பாடத்தைப் படிப்பவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி இது. இங்கே தெருவோரத்தில் மண்பானையில் குடிதண்ணீர் வைத்திருப்பார்கள், நம் தண்ணீர்ப் பந்தல்போல. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். விடியற்காலையில் பிட்சுகளுக்குச் சோறு போடாத தெரு கிடையாது. பல நாடுகளில் மக்களின் கொடைப் பழக்கத்தை ஒப்பிடும் பிரிட்டிஷ் ஆய்வொன்றில் 2014 முதல் நாலு ஆண்டுகள் தொடர்ந்து மியான்மர் முதலிடத்தில் இருந்தது, 2014-இல் அமெரிக்காவோடு சேர்ந்து. 'அதுவும் புண்ணியத்துக்குத்தானே, அடுத்த பிறவிக்கு முதலீடு, ஆகவே அதுவும் தன்னலம்தான்' என்று சிலர் சொல்வார்கள்.

இந்த வாதத்தை ஏற்க முடியாது. செய்வதெல்லாம் தன்னலம் என்று சொல்லிவிட்டால், தண்ணீர்ப் பானை வைப்பவரையும் தண்ணீரில் கலப்படம் செய்து விற்பவரையும் வேறுபடுத்த வழியே இல்லாமல் போகும். எதையும் விளக்காத விளக்கம் அது. கொடுப்பதில் கொடுப்பவருக்கு மகிழ்ச்சி கிடைக்கலாம். ஆனால் அந்த மகிழ்ச்சிக்காக மட்டும்தான் கொடுத்தார் என்று எப்படிச் சொல்வது? அடுத்தவர் தாகம் தணிய வேண்டும் என்று முதலில் நினைத்தால்தானே தணிந்ததும் மகிழ்ச்சி வரும்?

இதைப் பற்றி மிகத் தெளிவாக எழுதியவர் அமர்த்தியா சென். மூன்று வயது முதல் ஆறு வயது வரை அவர் வளர்ந்தது மாந்தலேயில். அப்பா அங்கே பேராசிரியராக இருந்தார். 1977-இல் எழுதிய ஒரு கட்டுரையில் சென் இரண்டைப் பிரிக்கிறார். ஒருவர் வதைபடுவதைக் கேட்டு நமக்கு மனம் நோகிறது, அதனால் உதவுகிறோம். இதில் நம் நோவைத் தணிப்பதும் கலந்திருக்கிறது. இன்னொரு வகையில், நமக்கு நேராக எந்த நோவும் இல்லை, ஆனாலும் அது அநியாயம் என்று நினைத்து, நமக்கு இழப்பு வந்தாலும் பரவாயில்லை என்று எதிர்க்கிறோம். இரண்டாவதைத் தன்னலக் கணக்கில் அடைக்கவே முடியாது. தன் லாபத்தை மட்டும் சரியாகக் கணக்கிடத் தெரிந்த மனிதன் சமூக வாழ்க்கையில் ஒரு அறிவிலி என்பது அவர் முடிவு.

தன்னலத்தை நம்பவும் வேண்டாம், ஒழிக்கவும் வேண்டாம் என்றால் நடுவில் என்ன இருக்கிறது? எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு வாழ்நாள் முழுக்க விடை தேடினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசு பெற்ற முதல் பெண். ஊர்ப் பொதுவில் இருக்கும் மேய்ச்சல் நிலத்தை ஆளாளுக்கு மேய்த்து அழித்துவிடுவார்கள், அது விதி என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதியிருந்தார். ஆஸ்ட்ரம் உண்மையான ஊர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். சுவிட்சர்லாந்து மலைக் கிராமங்களிலும் ஜப்பானிலும் பிலிப்பைன்ஸ் வாய்க்கால் பாசனத்திலும் மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் பொதுச் சொத்தைக் காப்பாற்றி வந்திருந்தார்கள். பங்குதாரர் யார் என்பது அங்கே தெளிவாக இருந்தது, சொத்தைப் பயன்படுத்துபவர்களே விதியை வகுத்திருந்தார்கள், ஒருவரை ஒருவர் கவனிக்க முடிந்தது. தப்பு செய்தால் முதலில் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் பெரிது.

இது நமக்குப் புதிதில்லை, சீட்டு பிடிப்பவர் எல்லாருக்கும் தெரியும். பத்துப் பேர் மாதாமாதம் பணம் போடுகிறார்கள், மாதம் ஒருவர் எடுக்கிறார். முதல் மாதம் எடுத்தவருக்கு இரண்டாம் மாதத்திலிருந்து பணம் கட்டாமல் விடுவதுதான் வெறும் லாபக் கணக்கில் சரி. ஆனாலும் பெரும்பாலான சீட்டுகள் கடைசி வரை நடக்கின்றன. ஓடினால் இந்தத் தெருவில் மறுபடி யாரும் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம் ஒரு காரணம், பெட்டியடி மேலாளைக் கட்டிப்போட்ட அதே பயம். கடைசி எண்ணில் இருக்கும் அக்கா தன் பெண் கல்யாணத்துக்காகக் காத்திருக்கிறார் என்ற எண்ணம் இன்னொரு காரணம். ஒரு சீட்டு உடைந்தால் அதற்குப் பெரும்பாலும் காரணம், சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்ததுதான்.

யாங்கோனில் சீட்டில் சேர்பவர்களில் தமிழர், பர்மியர், முஸ்லிம், சீனர் என்று எல்லாரும் கலந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பர்னிவாலை நினைத்துக்கொள்வேன். தொண்ணூறு ஆண்டுக்கு முன் அவர் பார்த்த ரங்கூனில் இவர்களுக்கிடையே பத்திரமும் வட்டியும் மட்டும்தான் இருந்தன. இன்று ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகிறார், பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பர்மிய மொழி பேசுகிறார்கள். 'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று நம் வீட்டில் பாட்டிமார் சொல்வார்களே, அதில் ஊரார் என்று யாரைச் சேர்ப்பது என்பதை 1930-இல் நம்மவர்கள் மிகக் குறுகலாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக்கு ஆள் சேர்க்கும்போது அந்தப் பட்டியலை ஒவ்வொரு தெருவும் புதிதாக எழுதுகிறது.